பெர்கின்ஸுக்குப் பெயர் இருந்தது, என் மகனுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கிறோம். மகனுக்கு 21 வயது. எட்டு வயதிலிருந்து நீச்சல். 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல்தான் அவனுடைய போட்டி. மாநில அளவில் பதக்கங்கள் உண்டு, தேசியப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போயிருக்கிறான். ஆஸ்திரேலிய அணியில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. இப்போது தோள்வலியும் சேர்ந்துகொள்ள, போதும் என்று நிறுத்திவிட்டான். பயிற்சிக்காகக் காமர்ஸ் படிப்பை மெதுவாக எடுத்துக்கொண்டதால் பாதிதான் முடிந்திருக்கிறது. வங்கி வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். நீச்சல் சாம்பியன் கீரன் பெர்கின்ஸ் பிறகு வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்ததைச் சொல்லி அவனைத் தேற்றினேன். என் கணவரோ, "அவர் பேருக்காக பேங்க்காரன் கூப்பிட்டுக் கொடுத்தான், நம்ம பையனை யாருக்குத் தெரியும்? பதிமூணு வருஷம் தண்ணியில போச்சு" என்றார். மகன் காதில் அது விழுந்துவிட்டது. என் கணவர் சொன்னது சரியா? அந்தப் பதிமூன்று வருடத்துக்கு வங்கியில் ஏதாவது மதிப்பு உண்டா? எங்கே தொடங்குவது?
- வாசகி, சிட்னி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. வங்கிகளுக்கு ஆள் எடுப்பதும், வங்கிக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி சொல்வதும்தான் என் தொழில். பெயருக்கு மதிப்பில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

பெர்கின்ஸ் சாதாரண சாம்பியன் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 14:43.48 என்ற உலக சாதனையோடு ஜெயித்தபோது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. 1994 இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அதையும் முறியடித்து 14:41.66 என்று ஆக்கினார். அதே நீச்சலில் 800 மீட்டரைக் கடக்கும்போதே அந்தத் தூரத்தின் உலக சாதனையும் விழுந்தது. ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், காமன்வெல்த், பான் பசிஃபிக் ஆகிய நான்கு பட்டங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தவர். வங்கித் தொழிலில் பாதி வேலை, முன்பின் தெரியாத ஒருவரை நம்ப வைப்பது. நாடே டிவியில் பார்த்து எழுந்து நின்று கைதட்டிய ஒருவர் உள்ளே வந்தால் எந்த வாடிக்கையாளரும் அவருக்கு நேரம் ஒதுக்குவார். அந்த வசதி உங்கள் மகனுக்குக் கிடையாது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். பெர்கின்ஸ் போட்டி நீச்சலை விட்டது 2000 சிட்னி ஒலிம்பிக்கோடு, 27 வயதில். குளத்திலிருந்து ஏறி, துண்டால் துடைத்துக்கொண்டு நேராக வங்கி அதிகாரி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடவில்லை. நடுவில் பல வருடங்கள் போயின. அதற்கப்புறம்தான் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி. அங்கே நிர்வாகப் பொறுப்புகளில் பல ஆண்டுகள் இருந்தார். இந்த 'பல ஆண்டுகள்' என்பதைத்தான் உங்கள் கணவர் கணக்கில் சேர்க்கவில்லை. பெயரை வைத்து உள்ளே போகலாம். ஆனால் எந்த நிறுவனத்திலும் அந்தப் பெயரின் பளபளப்பு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. கீழே வேலை பார்ப்பவர்களுக்கு மேலாளர் ஒலிம்பிக் சாம்பியனா என்பது முதல் வாரம்தான் பேச்சு. அப்புறம் அவர் தங்கள் லீவு விண்ணப்பத்தைக் காலத்தோடு பார்க்கிறாரா, மேலிடத்தில் தங்களுக்காகப் பேசுகிறாரா என்பதுதான் பேச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 இல் அவர் ஸ்விம்மிங் ஆஸ்திரேலியாவின் தலைவரானார். 2022 மார்ச்சில் ஆஸ்திரேலிய விளையாட்டு ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனமும் அந்த ஆணையத்தின் கீழ்தான் வருகிறது. ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. அவர்களில் பட்ஜெட் போடவும், ஆட்களை நடத்தவும், கமிட்டியைச் சமாளிக்கவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பதக்கத்தைவிட வங்கி வருடங்கள்தான் அவரை அந்த நாற்காலிக்குத் தகுதியாக்கின என்பது என் கணிப்பு.

நீங்கள் மகனைத் தேற்றும்போது அட்லாண்டா கதையைச் சொல்லியிருப்பீர்கள், இந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். 1996 இல் ஆஸ்திரேலிய அணியில் இடம் கிடைப்பதே இழுபறி. அட்லாண்டாவில் தகுதிச் சுற்றில் தடுமாறி, வெறும் 0.24 விநாடி வித்தியாசத்தில் எட்டாவது ஆளாக இறுதிச் சுற்றுக்குள் வந்தார். ஓரத்து எட்டாவது தடம். அங்கிருந்து 14:56.40 இல் தங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அணியிலேயே இடம் கிடைக்காத பையனுக்கு இந்தக் கதை ஆறுதல் தராது, குத்தும். எட்டாவது தடமாவது அவருக்குக் கிடைத்ததே என்றுதான் அவன் நினைப்பான். இனிமேல் அதைச் சொல்லாதீர்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த ஒலிம்பிக். சிட்னியில் பெர்கின்ஸ் நீந்திய நேரம் 14:53.59. அட்லாண்டாவில் தங்கம் வாங்கித் தந்த நேரத்தைவிட வேகம். கிடைத்ததோ வெள்ளி, ஏனென்றால் இன்னொரு ஆஸ்திரேலியரான கிராண்ட் ஹாக்கெட் அதைவிட வேகமாக வந்துவிட்டார். நன்றாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம் என்பது உங்கள் மகனுக்கும் தெரிந்த விஷயம். வங்கியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது மறுபடி மறுபடி நடக்கும். நன்றாகப் பேசியிருப்பான், வேறொருவர் இன்னும் நன்றாகப் பேசியிருப்பார். படிப்பில் முதல் மாணவர்களாகவே வந்த பல பிள்ளைகள் முதல் நிராகரிப்பிலேயே நொறுங்கிப்போவதைப் பார்க்கிறேன். அவன் நொறுங்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அந்த ஹாக்கெட்டும் இதே வழியில்தான் போனார் என்பது பலருக்குத் தெரியாது. சிட்னி, ஏதென்ஸ் இரண்டிலும் 1500 மீட்டர் தங்கம். ஏதென்ஸில் நுரையீரல் ஒரு பகுதி சுருங்கிய நிலையில் நீந்தினார். பாண்ட் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ முடித்தார், வெஸ்ட்பேக் வங்கியில் வேலை பார்த்தார், பின்னர் ஜெனரேஷன் டெவலப்மென்ட் குரூப் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குத் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அடுத்தடுத்து வந்த இரண்டு 1500 மீட்டர் சாம்பியன்கள், இருவருமே பணத் தொழிலுக்கு. தற்செயல்தான், இதில் தத்துவம் தேட வேண்டாம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஹாக்கெட் கடுமையான காலங்களைக் கடந்து வந்திருக்கிறார், அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். எல்லோரும் அறிந்த பெயர் அந்தக் காலங்களைத் தடுத்துவிடவில்லை. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இவர்கள் இருவரையும்விட டேனியல் கோவால்ஸ்கி. அட்லாண்டாவில் பெர்கின்ஸுக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர். அதே ஒலிம்பிக்கில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம். பெரிய வீரர்தான், ஆனால் எட்டாவது தடக் கதையில் அவர் தோற்ற ஆள் மட்டும். பின்னாளில் ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்கள் சங்கத்தை நடத்தினார், முன்னாள் ஒலிம்பிக் வீரர்களின் நலனுக்காக வேலை பார்த்தார். குளத்தில் முதலாவதாக வராதவருக்கும் அதற்கப்புறம் ஒரு தொழில் வாழ்க்கை உண்டு என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்தப் பதிமூன்று வருடத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் எல்லோரும் சொல்லும் இடத்தில் இல்லை. விளையாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் ரெஸ்யூமேயில் முதல் வரியிலேயே 'டிசிப்ளின்', 'டீம் ஒர்க்', 'கடின உழைப்பு' என்று எழுதுவார்கள். நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை, படிக்கிற யாரையும் எனக்குத் தெரியாது. காலை நாலரை மணிக்கு எழுந்ததற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. ரொட்டிக்கடைக்காரரும்தான் எழுகிறார்.

1500 மீட்டர் நீந்துகிறவனிடம் வேறொன்று இருக்கும். ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது நீளம். ஒவ்வொரு நீளத்துக்கும் நேரம் குறிக்கப்படும். பதினெட்டாவது நீளத்தில் எங்கே தொய்ந்தோம் என்பது தாளில் நிற்கும், மழுப்ப முடியாது. சிறு வயதிலிருந்து தன் எண்களைத் தானே பார்த்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, மறுநாள் திருத்தியிருக்கிறான். எல்லோர் முன்னாலும் கோச் திட்டினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அடுத்த செட்டுக்குத் தயாராகியிருக்கிறான். வங்கியில் புதிதாக வரும் பட்டதாரிகளிடம் மேலாளர்கள் தேடிக் கிடைக்காமல் தவிப்பது இந்த இரண்டும்தான். இன்டர்வியூவில் "நான் ஒழுக்கமானவன்" என்று சொல்ல வேண்டாம். "இந்தப் போட்டியில் கடைசி 400 மீட்டரில் இவ்வளவு விநாடி இழந்துகொண்டே இருந்தேன், காரணத்தை இப்படிக் கண்டுபிடித்தேன், பயிற்சியில் இதை மாற்றினேன், அடுத்த சீசனில் இவ்வளவு மீண்டது" என்று உண்மையான எண்களோடு சொல்லட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை எடுப்பார்.

அதே பழக்கத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இதை உங்கள் மகனே படிக்க வேண்டும்.

குளத்தில் கடிகாரம் பொய் சொல்லாது. கோச் ஒரு நேரம் கொடுப்பார், ஏன் எதற்கு என்று கேட்காமல் அதைத் தொட்டுவிட வேண்டும், தொட்டால் நல்லது, அவ்வளவுதான். வங்கியிலும் இலக்கு கொடுப்பார்கள். இத்தனை கடன், இத்தனை கார்டு, இத்தனை இன்சூரன்ஸ். இலக்கை எட்டிய பிறகும் செய்தது தப்பாக இருக்கலாம். இந்த நாட்டு வங்கிகளை விசாரித்த, முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையிலான ராயல் கமிஷன் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கை கிட்டத்தட்ட முழுக்க இதைப் பற்றித்தான். செய்யாத சேவைக்குக் கட்டணம் பிடித்திருந்தார்கள். இறந்துபோனவர்களிடமும் பிடித்திருந்தார்கள். விற்றால் போனஸ் என்ற ஏற்பாடு ஆட்களை எங்கே தள்ளியது என்று அந்த அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி, சேர்மன் இருவரும் அந்த மாதமே பதவி விலகுவதாக அறிவித்தார்கள். பெர்கின்ஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் வேலை பார்த்த வங்கி என்பதால் சொல்கிறேன்.

ஆகவே விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வங்கியில் முதல் வருடம் நான் சொல்வது, எண்ணைத் துரத்துவதற்கு முன்னால் அந்த எண் எதை அளக்கிறது என்று கேளுங்கள். கேட்பது அவர்களுக்குச் சுலபமில்லை. கோச் சொன்னதைச் செய்தே வளர்ந்தவர்கள். உங்கள் மகனை இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கீழ்ப்படியாதவனாக ஆக்கிவிடுங்கள்.

இனி, எங்கே தொடங்குவது. முதலில் படிப்பு. பெரிய நான்கு வங்கிகளும், அதாவது காமன்வெல்த், வெஸ்ட்பேக், ஏஎன்இசட், நேஷனல் ஆஸ்திரேலியா, புதுப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்துப் பயிற்சி தரும் கிராஜுவேட் புரோகிராம் நடத்துகின்றன. கடைசி வருடத்தில் இருப்பவர்களும் இப்போதுதான் பட்டம் முடித்தவர்களும்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். பொதுவாக வருடத்தின் முதல் பாதியில் விண்ணப்பம் கேட்டு, அடுத்த வருடத் தொடக்கத்தில் வேலைக்கு எடுப்பார்கள். பாதிப் படிப்போடு அந்தக் கதவைத் தட்ட முடியாது. இனி காலைப் பயிற்சி இல்லை, முழுச் சுமையாகப் பாடங்களை எடுத்துக்கொள்ளட்டும். கூடவே கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புகளையும் கவனிக்கட்டும், கிராஜுவேட் இடங்களில் நிறைய அங்கிருந்தே நிரம்பிவிடுகின்றன.

படிக்கும்போதே பகுதி நேரமாக உள்ளே போக முடியுமா? முடியும். ஆனால் நம் ஆட்கள் உடனே நினைப்பது கிளையில் டெல்லர் வேலை. கிளைகள் வருடா வருடம் மூடப்படுகின்றன, அங்கே இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆள் கூட்டியது வேறிடத்தில். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிப்பதில் கோட்டைவிட்டதற்காகக் காமன்வெல்த் வங்கி 2018 இல் 70 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. 2020 இல் வெஸ்ட்பேக் கட்டியது 130 கோடி டாலர். அதற்கப்புறம் எல்லா வங்கிகளும் அந்தப் பிரிவுகளில் ஆட்களைக் குவித்தன. சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாடிக்கையாளர் விவரத்தோடு ஒப்பிட்டு, குறிப்பு எழுதும் வேலை. மணிக்கணக்காக ஒரே மாதிரி வரும், எழுபதாவது கோப்பில் கவனம் சிதறினால் போச்சு. நூறு மீட்டர் நீந்துகிறவர்களை நான் அங்கே அனுப்ப மாட்டேன். 1500 மீட்டர்காரனைத் தாராளமாக அனுப்புவேன். தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் கான்டாக்ட் சென்டர் வேலையும் நல்ல தொடக்கம்தான், கோபக்காரர்களைச் சமாளிக்கக் கற்றுக்கொள்வான்.

இடையில் கைச்செலவுக்கு, இன்னும் செய்யவில்லை என்றால் ஆஸ்ட்ஸ்விம் என்ற நீச்சல் ஆசிரியர் சான்றிதழ் வாங்கி, வார இறுதியில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கட்டும். அவன் குளத்தை முழுக்க வெறுத்துவிடவில்லை என்றால் மட்டும்.

பெயர் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், உங்கள் கணவருக்காக. நாடு அறிந்த பெயர் இல்லை, உண்மை. ஆனால் விடியற்காலையில் குளத்தோரம் காபிக் கோப்பையோடு குந்தியிருந்த மற்றப் பெற்றோர்கள் யார்? அவர்களில் கணக்காளர் இருப்பார், வங்கிக்காரர் இருப்பார், அடமானக் கடன் புரோக்கர் இருப்பார். அவர்கள் உங்கள் பையனைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார்கள். தோற்ற நாளில் எப்படி நடந்துகொண்டான், சின்னப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசினான் என்று அவர்களுக்குத் தெரியும். ரெஸ்யூமே பார்த்து ஆள் எடுக்கும் எனக்கு எந்த நாளும் கிடைக்காத தகவல் அது. அவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு அவனே எழுதட்டும்: "வங்கித் துறைக்கு வர நினைக்கிறேன், ஒரு காபி குடிக்கும் நேரம் பேச முடியுமா?" வேலை கேட்க வேண்டாம், அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்கட்டும். இந்த ஊரில் அது சகஜம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு வேண்டுகோள்: அவனுக்குத் தெரியாமல் அப்பா தனக்குத் தெரிந்தவர்களுக்கு போன் போட வேண்டாம். நம் வீடுகளில் அன்பினால் செய்கிற காரியம் அது. 21 வயதுக்காரன் கூசிப்போவான்.

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காரோட்டியதும், கட்டணம் கட்டியதும், ஞாயிற்றுக்கிழமைகளைக் குளோரின் வாசத்தில் கழித்ததும் அவர்தானே. "தண்ணியில போச்சு" என்று சொன்னது அவருடைய வருடங்களையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மகன் கேட்டது தன் வருடங்களைப் பற்றி மட்டும். அப்பா அவனிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது. பெரிய மன்னிப்பெல்லாம் தேவையில்லை. "நானும் ஏமாந்துபோய்ப் பேசிட்டேன்" என்றால் போதும்.

கடைசியாக, ஹாக்கெட்டைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். இன்னொரு ஆஸ்திரேலிய நீச்சல் சாம்பியனான இயன் தோர்ப்பும் மனச்சோர்வோடு தான் போராடியதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நீச்சலை நிறுத்திய முதல் சில மாதங்களில் பிள்ளைகளுக்கு உடம்பும் மனசும் ஒருசேரக் குழம்பும். நாலரை மணிக்கு விழிப்பு வரும், எழுந்து செய்ய ஒன்றுமிருக்காது. சாப்பாட்டு அளவு பழையபடியே இருக்கும், உடம்பு எடை போடும், அதிலும் வெட்கம். நண்பர்கள் எல்லோரும் குளத்தில் இருப்பார்கள். உங்கள் மகன் அறையை விட்டு வராமல் இருந்தால், தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் பேசினால், வேலை தேடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், அழைத்துப் போங்கள். மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்று எழுதித் தருவார். அதை வைத்து ஆண்டுக்குப் பத்து முறை வரை மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் சலுகையில் உளவியலாளரைப் பார்க்கலாம். இதனால் வங்கி வேலைக்குத் தடை வருமோ என்று பயப்பட வேண்டாம், வராது.

அவன் நன்றாக இருக்கிறான் என்றால் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் பாட ஆலோசகரிடம் நேரம் வாங்கி, மீதமிருக்கும் பாடங்களை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடட்டும். முடிக்கும் வருடம் தெரிந்துவிட்டால் எந்த வருட கிராஜுவேட் புரோகிராமுக்கு விண்ணப்பிப்பது என்பதும் தெரிந்துவிடும். அப்போது அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.